தேடாத புத்தகம் கிடைக்கும் தெரு

வாடகை ஏறியது, இணையம் வந்தது, பேர்பெற்ற கடைகள் மூடின. அப்படியும் பெங்களூரில் புதிய புத்தகத்தைக் கண்டெடுக்கும் சுகம் வற்றவில்லை. அதில் தமிழ் வாசகரின் பங்கு எவ்வளவு?

சனிக்கிழமை மாலை. பெங்களூரின் பிரிகேட் ரோட்டையும் செயின்ட் மார்க்ஸ் ரோட்டையும் இணைக்கும் சர்ச் தெருவில் கால் வைக்க இடமில்லை. பீர் விடுதிகள், காபிக் கடைகள், செல்ஃபி எடுக்கும் கூட்டம். நடுநடுவே புத்தகக் கடைகள். அங்கேயும் அதே நெரிசல்தான். அலமாரிகளுக்கு இடையே ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும். கைபேசியில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தவர் அரை மணி நேரத்தில் பட்டியலை மறந்துவிடுகிறார். வெளியே வரும்போது அவர் கைப்பையில் மூன்று புத்தகங்கள் இருக்கலாம். மூன்றில் ஒன்றுகூட பட்டியலில் இல்லாததாகவும் இருக்கலாம்.

வீட்டு வாசலுக்கே புத்தகம் வந்து சேரும் காலத்தில், கணிப்பொறித் தொழிலுக்குப் பேர்போன ஊரில் இது நடக்கிறது. தெரிந்த புத்தகத்தை வாங்க இணையத்தைவிடச் சுலபமான வழி கிடையாது. பெயரைத் தட்டினால் போதும். சிக்கல், பெயரே தெரியாத புத்தகத்தில்தான். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதபோது எதைத் தட்டுவது? இந்தக் கேள்விக்குப் பெங்களூர் பல காலமாகக் கடைக்காரர்கள் மூலம் பதில் சொல்லி வந்திருக்கிறது.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டி.எஸ். ஷான்பாக். பம்பாயில் இவருடைய உறவினர் டி.என். ஷான்பாக் 1948ல் ஸ்ட்ராண்ட் தியேட்டரில் சிறிதாகத் தொடங்கிய ஸ்ட்ராண்ட் புத்தகக் கடை நாடறிந்தது. அங்கே தொழில் கற்றுக்கொண்ட இளைய ஷான்பாக், 1971ல் பெங்களூரில் சர்ச் தெருவும் மியூசியம் ரோடும் சந்திக்கும் இடத்தருகே 'பிரீமியர்' கடையைத் திறந்தார். கடை என்று சொன்னாலும் உள்ளே நுழைந்தவர்களுக்கு அது புத்தகச் சுரங்கம் போலத்தான் தெரிந்தது. தரையிலிருந்து கூரை வரை அடுக்குகள், அடுக்குக்குப் பின்னால் இன்னொரு அடுக்கு. ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய வழி. எதிரே யாராவது வந்தால் ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டும். அடியிலிருக்கும் புத்தகத்தை உருவினால் மேலே உள்ளவை சரியும் அபாயம் எப்போதும் உண்டு.

இந்தக் குவியலுக்குப் பட்டியல் கிடையாது. கணிப்பொறி கிடையாது. இரண்டும் ஷான்பாக்கின் தலைக்குள் இருந்தன. வாசலருகே சிறிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவரிடம் தலைப்பைச் சொன்னால், எழுந்து போய்ச் சரியான தூணில் சரியான உயரத்தில் கை வைப்பார். அதிகம் பேச மாட்டார். யார் எதைப் படிக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. தள்ளுபடி கேட்க வேண்டியதில்லை, பில்லில் தானாகவே குறைந்திருக்கும். வரலாற்று ஆசிரியர் ராமச்சந்திர குஹா இந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்களில் ஒருவர். அதைப் பற்றிப் பல முறை எழுதியும் இருக்கிறார்.

பிரீமியரின் ஒழுங்கின்மைக்கு ஒரு பயன் இருந்தது. ஒரு புத்தகத்தை எடுக்கப் பத்துப் புத்தகங்களை நகர்த்த வேண்டியிருந்தது. அந்தப் பத்தில் ஒன்று வாசகரின் கையிலேயே தங்கிவிடும். நேர்த்தியாக அடுக்கி, தலைக்கு மேல் பலகை மாட்டி, வகை பிரித்து வைத்திருக்கும் பெரிய கடைகளில் இந்த விபத்து அவ்வளவாக நடப்பதில்லை. வரலாறு வேண்டும் என்பவர் வரலாற்றுப் பக்கம் போய்விட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்.

2009ல் பிரீமியர் மூடப்பட்டது. குத்தகை முடிந்திருந்தது. ஷான்பாக்குக்கும் எழுபது வயது தாண்டியிருந்தது. கடை இருந்த சமயத்தில் அதைப் பற்றிக் கவலைப்படாத பத்திரிகைகள்கூட இரங்கல் எழுதின. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் ஷான்பாக் 84 வயதில் மறைந்தபோது, கடை மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும் அந்த இரங்கல்கள் மறுபடி வந்தன. பம்பாய் ஸ்ட்ராண்டும் 2018ல் கதவைச் சாத்திவிட்டிருந்தது. பெங்களூரிலும் புத்தகக் கடைகளின் காலம் முடிந்தது என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான சாட்சியம் கிடைத்திருக்காது.

ஆனால் நடந்தது வேறு. பிரீமியர் மூடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே தெருவில் அதன் வாரிசுகள் முளைத்துவிட்டிருந்தார்கள். வந்த வழிதான் வித்தியாசமானது. மைசூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்குப் பொறியியல் படிக்க வந்தவர் மாயி கவுடா. செலவுக்காக மகாத்மா காந்தி ரோடு நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்றார். படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது; புத்தகம் விடவில்லை. 2000களின் தொடக்கத்தில் சர்ச் தெருவில் சின்ன இடம் ஒன்றைப் பிடித்து 'பிளாசம்' என்று பெயர் வைத்தார். அது பின்னால் மூன்று மாடிக்கு வளர்ந்தது. அதுவும் போதாமல் அதே தெருவில் இன்னொரு பெரிய கடை வந்தது. 'புக்வொர்ம்' கடையின் கிருஷ்ணா கவுடா கதையும் ஏறக்குறைய இதுதான். சிறு வயதில் கிராமத்திலிருந்து வந்து, நடைபாதையில் விற்று, பொந்து போன்ற கடைக்கு மாறி, கடைசியில் சர்ச் தெருவின் விசாலமான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

இவர்கள் பிழைத்ததற்குக் காரணம் புத்தகப் பற்று மட்டும் என்று சொல்வது பாதிக் கதை. மீதி, கணக்கு. புதிய புத்தகத்தைப் பதிப்பாளரிடம் வாங்கி விற்கும் கடைக்கு இணையக் கடையோடு தள்ளுபடியில் போட்டி போட முடியாது. பழைய புத்தகத்தின் கதை வேறு. எந்த விலைக்கு வாங்கலாம், எந்த விலைக்குப் போகும் என்பதைக் கடைக்காரரின் கண் தீர்மானிக்கிறது. நடைபாதையில் நின்றவனுக்கு அந்தக் கண் சீக்கிரம் வந்துவிடுகிறது. வராவிட்டால் மாலையில் சாப்பாடு கிடையாது. படித்து முடித்ததைக் கொண்டுவந்து கொடுத்து, அதன் மதிப்புக்கு வேறு புத்தகம் எடுத்துச் செல்லும் வசதியும் உண்டு. அதனால் வாங்குபவர்தான் சரக்கு கொடுப்பவரும். ஊரின் குணமும் இதற்கு உதவுகிறது. வேலை மாறி, வாடகை வீடு மாறி, வெளிநாடு போய்க்கொண்டே இருப்பவர்களின் நகரம் இது. பெட்டி கட்டும்போது முதலில் பாரமாகத் தெரிவது புத்தகம். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் நாற்பது வருடம் சேர்த்த நூலகம் பிள்ளைகளின் அடுக்குமாடி வீட்டில் இடம் பிடிக்காமல் இங்கே வந்து சேரலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போகிறான். முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ எழுதிக் கொடுத்த வாழ்த்து அப்படியே இருக்கிறது.

பழைய புத்தகத் தொழிலில் இவர்களுக்கெல்லாம் மூத்தது பிரிகேட் ரோட்டின் சந்து ஒன்றில் இருக்கும் 'செலக்ட்'. 1945ல் கே.பி.கே. ராவ் தொடங்கி, பொறியாளரான மகன் கே.கே.எஸ். மூர்த்தி தொடர்ந்து நடத்திய கடை. சி.வி. ராமன் வந்து போன இடம். அரிய பதிப்புகளைத் தேடி அலைபவர்களுக்கு அது கோயில். மாணவர்களுக்கோ பழைய பேட்டையின் அவென்யூ ரோடு. அங்கே நடைபாதை முழுக்கப் பாடப் புத்தகங்கள், வழிகாட்டிகள், தேர்வுக் கையேடுகள். இவற்றுக்கு இடையிலும் எப்போதாவது ஒரு நாவல் தலைகாட்டும், வழி தவறி வந்ததைப் போல.

இணையக் கடைகளும் சும்மா இருக்கவில்லை. 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று அடுத்த புத்தகத்தை நீட்டுகின்றன. வாசகர் ஏற்கெனவே காட்டிய விருப்பத்தைக் கூட்டிக் கழித்துத் தரும் விடை அது. துப்பறியும் கதை படித்தவருக்கு இன்னொரு துப்பறியும் கதை. ஷான்பாக் போன்றவர்கள் செய்தது சில சமயம் இதற்கு நேர் எதிரானது. இந்த ஆள் இதுவரை இதைத் தொட்டதில்லை, தொட்டால் விடமாட்டார் என்று ஊகிப்பது. அந்த ஊகம் தவறினால் புத்தகம் மறுபடி அடுக்கில் போய் உட்காரும், அவ்வளவுதான் நஷ்டம்.

தேடப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதற்குத் தமிழில் மறக்க முடியாத உதாரணம், மைசூரில் பிறந்த ஒருவருடையது. ஏ.கே. ராமானுஜன் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டுக்குள் தமிழ், வெளியே கன்னடம், தந்தையின் மாடியறையில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர். ஆனால் பழந்தமிழை முறையாகப் படித்ததில்லை. 1962ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கண நூல் ஏதாவது கிடைக்குமா என்று நூலகத்தின் அடித்தளத்துக்கு இறங்கினார். தூசி படிந்த அந்த இருட்டில் அவர் கைக்கு அகப்பட்டது உ.வே. சாமிநாதையர் 1937ல் பதிப்பித்த குறுந்தொகை. இலக்கணம் தேடிப் போனவர் கவிதையில் விழுந்தார். ஐந்து ஆண்டுகளில், 1967ல், குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. சங்கக் கவிதையை உலகம் பேச ஆரம்பித்ததில் அந்தச் சிறிய நூலுக்கு இருக்கும் பங்கு பெரியது. 1976ல் யு.ஆர். அனந்தமூர்த்தியின் கன்னட நாவலான சம்ஸ்காராவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். ஒரு மைசூர்த் தமிழருக்குக் குறுந்தொகை கிடைக்க சிகாகோ வரை போகவேண்டியிருந்தது என்பதில் கொஞ்சம் வேடிக்கையும் கொஞ்சம் வேதனையும் இருக்கிறது.

அந்த வேதனை பெங்களூர்த் தமிழருக்குப் புதிதல்ல. ஊரில் தமிழ் பேசுபவர்கள் பல லட்சம். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் என்று தமிழ் காதில் விழாத தெரு இல்லாத பகுதிகள் உண்டு. ஆனால் பெரிய புத்தகக் கடைகளில் தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மூலை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்ந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் தமிழில் சரளமாகப் பேசுபவர்கள் பலர். பக்கத்தை விரித்தால் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. இவர்களில் சிலர் தமிழ் நாவலைச் சர்ச் தெருவில் ஆங்கிலத்தில்தான் சந்திக்கிறார்கள். பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023ல் ஜேசிபி பரிசு பெற்றது. பாட்டி பேசிய கொங்குத் தமிழ் அந்த ஆங்கிலத்துக்குப் பின்னால் எப்படி ஒலித்திருக்கும் என்று பேரன் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழில் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1950ல் தொடங்கியது, நூலகமும் உண்டு. புத்தகக் கண்காட்சிக்கு மட்டும் சென்னைக்கோ ஈரோட்டுக்கோ போய்வர வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அந்தக் குறையும் கொஞ்சம் தீர்ந்தது. கர்நாடகத் தமிழ்ப் பத்திரிகையாளர்களின் முயற்சியில் முதல் தமிழ்ப் புத்தகத் திருவிழா சங்க வளாகத்திலேயே நடந்தது. ஆங்கிலக் கடைகளில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது: பதிப்பகத்தின் முழு வரிசையையும் ஒரே மேஜையில் பார்ப்பது. பெயர் கேள்விப்படாத எழுத்தாளரைப் புரட்டிப் பார்க்க அந்த மேஜை இல்லாவிட்டால் வேறு வழியில்லை.

இன்னொரு பாதை மொழிபெயர்ப்பு. பெங்களூரில் வாழும் தமிழருக்குப் பக்கத்து வீட்டு இலக்கியத்தின் கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்தபடி இதைச் செய்தவர்கள். தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் வந்து கன்னடம் கற்றுக்கொண்டவர் பாவண்ணன். எஸ்.எல். பைரப்பாவின் 'பர்வ' இவர் கையில் 'பருவம்' ஆகி, 2005க்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. ஆனால் பெங்களூர்த் தமிழர்கள் முதலில் எடுக்க வேண்டியது அவர் தமிழில் தந்த 'ஊரும் சேரியும்'. கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு அது. வறுமையையும் அவமானத்தையும் சிரிப்போடு சொல்லும் அந்தப் புத்தகத்தில் வரும் ஸ்ரீராமபுரம், தமிழர்கள் நெருக்கமாக வாழும் அதே ஸ்ரீராமபுரம்தான். சொந்தப் பேட்டையை அடுத்தவர் மொழியில் கண்டுபிடிக்கும் அனுபவம் எல்லாப் புத்தகமும் தருவதில்லை.

பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த நஞ்சுண்டன், கன்னடப் பெண் எழுத்தாளர்களின் கதைகளை 'அக்கா' என்ற தொகுப்பாகத் தமிழுக்குத் தந்தார். ஒரு வாக்கியத்தை விடாமல் செப்பனிடுவதில் பிடிவாதக்காரர். 2019 டிசம்பரில் அவர் மறைந்தது இந்தப் போக்குவரத்துக்குப் பெரிய இழப்பு. கே. நல்லதம்பி இரு பக்கமும் போய்வருபவர். விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்' இவர் மூலம் தமிழில் படிக்கக் கிடைக்கிறது. திடீர்ப் பணம் ஒரு பெங்களூர்க் குடும்பத்துக்குள் செய்யும் வேலையை நூற்றுச் சொச்சம் பக்கத்தில் சொல்லிவிடும் நாவல். ஆனால் அவருடைய மொழிபெயர்ப்புகளில் யாரும் எதிர்பார்க்காதது நேமிசந்த்ராவின் 'யாத் வஷேம்'. ஹெச்ஏஎல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த நேமிசந்த்ரா கன்னடத்தில் எழுதிய நாவல் இது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பித் தந்தையோடு பெங்களூர் வந்து சேர்ந்த யூதச் சிறுமியின் கதை. ஜெருசலேமில் உள்ள நினைவகத்தின் பெயர் கொண்ட கன்னட நாவலைத் தமிழில் படிக்கலாம் என்று எந்த வாசகர் தேடிக்கொண்டு போயிருப்பார்? 2022க்கான அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு வந்த பிறகு பலரும் தேடினார்கள். அதற்கு முன் படித்தவர்கள் எல்லோரும் தற்செயலாகக் கண்டெடுத்தவர்களே.

இரு மொழிகளுக்கும் இடையே எப்போதும் இந்தச் சுமுகம் இருந்ததில்லை. 1991ல் அல்சூர் ஏரி அருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9ம் தேதி அது திறக்கப்பட, நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சிலைக்கு இரண்டு முதலமைச்சர்கள் தேவைப்பட்டார்கள். புத்தகங்கள் அந்த 18 ஆண்டுகளிலும் அனுமதி கேட்காமல் எல்லை தாண்டிக்கொண்டுதான் இருந்தன. வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதி 1983க்கான ஞானபீடப் பரிசு பெற்றதை இரு தரப்புமே அப்போது மறந்துவிட்டிருந்தன.

2025 மே மாதம் லண்டனில் சர்வதேச புக்கர் பரிசு அறிவிக்கப்பட்டபோது கன்னடமே ஒரு கண்டுபிடிப்பாக மாறியது. ஹாசனில் வழக்கறிஞராக இருந்தபடி முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாக எழுதிவந்த பானு முஷ்தாக்கின் 12 கதைகள், மடிக்கேரியில் வசிக்கும் தீபா பாஸ்தியின் ஆங்கிலத்தில் 'ஹார்ட் லாம்ப்' என்ற பெயரில் பரிசு வாங்கின. கன்னடத்துக்கு அது முதல் முறை. சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கும் அதுவே முதல் முறை. 1990லிருந்து எழுதப்பட்ட கதைகள் அவை. அதே மாநிலத்தில் முப்பது வருடமாக இருந்ததைப் பெங்களூரின் ஆங்கில வாசகர்கள் பலர் லண்டன் வழியாகத் தெரிந்துகொண்டார்கள். ராமானுஜன் சிகாகோ வழியாகக் குறுந்தொகைக்குப் போனதைப் போல.

படிப்பது தனிமையில் நடக்கும் காரியம் என்ற எண்ணத்தையும் இந்த ஊர் அண்மையில் லேசாக அசைத்துப் பார்த்திருக்கிறது. கப்பன் பூங்காவின் நடுவே சிவப்புக் கட்டிடம் ஒன்று நிற்கிறது. மைசூர் சமஸ்தானத்தில் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த பாலக்காட்டுத் தமிழர் கே. சேஷாத்ரி ஐயரின் நினைவாக 1915ல் எழுந்த மண்டபம். மாநில மத்திய நூலகம் அதில்தான். அந்த நூலகத்துக்கு வெளியே, மூங்கில் புதர்களையும் மரங்களையும் தாண்டியிருக்கும் புல்வெளியில், 2022 இறுதியில் இரண்டு பேர் சைக்கிளில் வந்து புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள். ஹர்ஷ் ஸ்னேஹன்ஷுவும் ஸ்ருதி சாஹும். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் பத்துப் பேர், நூறு பேர் என்று கூட்டம் வளர்ந்து 'கப்பன் ரீட்ஸ்' என்ற பெயர் பெற்றது. பிறகு மற்ற நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பரவியது.

விதிகள் ஏதும் இல்லை. சந்தா இல்லை, சொற்பொழிவு இல்லை, குறித்த புத்தகம் இல்லை. பாயோ போர்வையோ கொண்டுவர வேண்டும், ஒரு புத்தகம் வேண்டும், பேசக் கூடாது. அறிமுகமே இல்லாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தும் சாய்ந்தும் மணிக்கணக்காகப் படிக்கிறார்கள். ஒருவர் கையில் முரகாமி, அடுத்தவர் கையில் குவெம்பு. நாய்கள்கூட அடக்கமாக நடந்துகொள்கின்றன. முடிகிற நேரத்தில் எல்லோரும் படித்த புத்தகங்களைப் புல்லில் வரிசையாகப் பரப்பிப் படம் எடுத்துக்கொள்வதுண்டு. அதற்காகக் குனியும்போதுதான், காலையிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பாய்க்காரரின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பலரும் முழுதாகப் படிக்கிறார்கள். அங்கிருந்து சர்ச் தெரு நடந்து போகும் தூரம்தான்.